நூறு நாள் வேலை: மேடையில் பேசுவதும் அட்டையில் கிடைப்பதும்

கொங்கு நாட்டில் எந்தக் கட்சிக்காரர் மேடை ஏறினாலும் நூறு நாள் வேலையைத் தொடாமல் இறங்குவதில்லை. தோட்டக்காரர்கள் கூடிய கூட்டமென்றால், "காட்டு வேலைக்கு ஆளே கெடைக்கறதில்லீங்க, அத்தன பேரும் மரத்தடியில போயி உக்காந்துக்கறாங்க" என்று ஒரு பேச்சு. அவரே மறுநாள் கூலிக்காரர் தெருவுக்கு ஓட்டுக் கேட்கப் போனால், "நாளையும் கூட்டித் தர்றோம், கூலியையும் கூட்டித் தர்றோம்" என்று வேறொரு பேச்சு. இரண்டு பேச்சையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, இந்தத் திட்டத்தை ஒரு சேவையாக மட்டும் எடுத்துப் பார்க்கிறது இந்த மதிப்புரை. கேட்டால் என்ன கிடைக்கிறது, எத்தனை நாளில் கிடைக்கிறது, எங்கே சிக்குகிறது, மேடையில் சொல்வதில் எது விதிக்கு ஒத்துவருகிறது என்பதுதான் இங்கே கணக்கு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காகிதத்தில் இருக்கும் திட்டம் ஏழை வீட்டுக்கு நன்றாகப் பொருந்துவது. ஊருக்கு வரும்போது அது மூன்று இடங்களில் கெடுகிறது: வேலை கேட்டதற்கு ரசீது தராத இடம், மண்ணை அளக்கும் இடம், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. மூன்றும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குள்ளேயே சரிசெய்யக்கூடியவை. உள்ளூர் அரசியல்வாதியின் கைக்கு எட்டுபவையும் இவைதான். ஆனால் அவர் பேசுவதோ நாள் எண்ணிக்கை, கூலி உயர்வு என்று டெல்லியில் முடிவாகும் சங்கதிகளை.

அட்டையில் என்ன இருக்கிறது

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் நிறைவேறியது. 2006 பிப்ரவரி 2 அன்று 200 மாவட்டங்களில் தொடங்கியது. கொங்கில் முதலில் வந்தது கரூருக்கு, 2007இல். கோவை, ஈரோடு, நாமக்கல், சேலம் எல்லாம் 2008 ஏப்ரல் 1இல் சேர்ந்தவை. திருப்பூர் அப்போது தனி மாவட்டமே ஆகவில்லை.

நூறு நாள் என்பது ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. மாமியாரும் மருமகளும் ஒரே வேலை அட்டையில் இருந்து ஒரே நாளில் வேலைக்குப் போனால் அட்டையில் இரண்டு நாள் கழியும். 50 நாளில் அட்டை தீர்ந்துவிடும். தனியே உலை வைத்துத் தனி ரேஷன் அட்டையோடு இருக்கும் குடும்பம் தனி வேலை அட்டை கேட்கலாம். கேட்டு 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும், கட்டணம் கிடையாது. படம் எடுக்கவும் காசு கேட்கக் கூடாது.

தமிழ்நாட்டுக்கான தினக்கூலி 2020-21இல் 256 ரூபாய். அடுத்தடுத்த ஆண்டுகளில் 273, 281, 294, 319 என்று ஏறி 2025-26இல் 336 ஆனது. நூறு நாளும் முழுக்கூலியும் கிடைத்தால் ஆண்டுக்கு 33,600 ரூபாய். பெரும்பாலான வீடுகள் நூறைத் தொடுவதில்லை, முழுக்கூலியையும் எல்லா வாரமும் பார்ப்பதில்லை. ஏன் என்பது கீழே வரும்.

வேலைத்தளம் வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் கூலியில் 10 சதவீதம் கூடுதல். குடிதண்ணீர், நிழல், முதலுதவிப் பெட்டி கட்டாயம். 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 5 பேரோ அதற்கு மேலோ வந்தால் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைப் போட வேண்டும், அவருக்கும் அதே கூலி. வேலையில் அடிபட்டால் சிகிச்சை இலவசம். மருத்துவமனையில் சேர்த்தால் இருக்கும் நாளுக்கெல்லாம் கூலியில் பாதிக்குக் குறையாத படி உண்டு. தண்ணீர்க் குடம் எல்லாத் தளத்திலும் இருக்கிறது. நிழலுக்குத் துணிப்பந்தல் போட்ட தளத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும், வேப்பமரமே பந்தலாகிவிடுகிறது. மேடையில் கேலி பேசப்படும் "மரத்தடி" அதுதான்: அரசு தர வேண்டிய நிழலை மரம் தருகிறது.

கேட்பும் ரசீதும்

சட்டத்தின் உயிர் இங்கே இருக்கிறது. வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் 15 நாளுக்குள் வேலை தர வேண்டும். தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் நாலில் ஒரு பங்கு, அதற்குமேல் பாதி, வேலையில்லாப் படியாகத் தர வேண்டும். இந்தப் படி மாநில அரசின் பையிலிருந்து போவது. அதனால் அலுவலகத்தில் யாருக்கும் அந்தக் கணக்கு ஓடத் தொடங்குவது பிடிக்காது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? ஊராட்சிச் செயலரோ பணித்தளப் பொறுப்பாளரோ சுற்றுமுறை வைத்துக்கொள்கிறார்: இந்த வாரம் மேற்குத் தெரு, அடுத்த வாரம் கிழக்குத் தெரு. பெயர்ப் பட்டியலை அவரே போட்டு, கணினியில் "வேலை கேட்டார்" என்றும் அவரே ஏற்றிவிடுகிறார். வேலை கொடுக்கும் வாரத்துக்கு மட்டுமே கேட்பு பதிவாகும். எனவே கேட்டும் கிடைக்காத ஆள் ஒருவர்கூடக் கணக்கில் இருக்க மாட்டார். வேலையில்லாப் படி என்ற சொல்லையே பாதிப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

உடைக்கும் வழி எளிது. வெள்ளைத் தாளில் வேலை அட்டை எண், பெயர், எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் (தொடர்ந்து 14 நாளுக்குக் குறையாமல்) என்று எழுதி இரண்டு பிரதி எடுக்கவும். ஒன்றை ஊராட்சியில் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கவும். தேதி போட்ட ரசீது தருவது செயலரின் கடமை. அவர் மறுத்தால் அதே தாளை ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுக்கலாம், அதுவும் செல்லும். தனியாகப் போவதைவிடப் பத்துப் பேர் சேர்ந்து ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் அலுவலகத்தில் மரியாதை வேறு.

இங்கே உள்ளூர் அரசியல் குறுக்கிடும் விதத்தையும் சொல்ல வேண்டும். கொங்கு மாவட்ட ஊராட்சிகளில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. தலைவர் இருந்தபோது சுற்றுமுறையில் வேண்டியவர், வேண்டாதவர் பார்த்த ஊர்கள் உண்டு, அது குறை. ஆனால் வேலை நின்றால் போய்க் கேட்க ஒரு வாசல் இருந்தது. ஒரே அதிகாரி பல ஊராட்சிகளுக்குத் தனி அலுவலராக இருக்கும்போது, கேட்பைப் பதிவு செய்யும் வேலை முழுக்கச் செயலர் ஒருவரின் விருப்பமாகிவிடுகிறது.

அளவு

"காலையில போனாப் போதும், கூலி வந்துரும்" என்பது மேடைச் சொல். அப்படி இல்லை. கூலி மண்ணின் அளவுக்கு. ஒரு மணி நேர இடைவேளை உட்பட 8 மணி நேரம் வேலை செய்யும் சராசரி ஆள் எவ்வளவு மண் வெட்டிப் போட முடியுமோ அதற்கு முழுக்கூலி என்று விலைப்பட்டியல் வகுத்திருக்கிறது. ஓவர்சியர் வார முடிவில் நீளம், அகலம், ஆழம் அளந்து கன மீட்டராக்கி, மண் வகைக்குரிய விலையால் பெருக்கி, வந்த தொகையை ஆள்நாளால் வகுப்பார்.

ஓர் உதாரணக் கணக்கு. 10 பேர் கொண்ட குழு 6 நாள் வேலை செய்தால் 60 ஆள்நாள். முழுக்கூலி என்றால் 20,160 ரூபாய்க்கு மண் வேலை அளவுப் புத்தகத்தில் ஏற வேண்டும். அளந்து பார்த்தபோது 16,800 ரூபாய்க்குத்தான் வருகிறதென்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 280. வங்கியில் 336க்குப் பதில் 280 வந்ததற்குக் காரணம் பிடித்தமோ வட்டியோ அல்ல, இந்த வகுத்தல்தான்.

கொங்கு மண்ணுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. மேலே ஒன்றிரண்டு அடி செம்மண், அதற்குக் கீழே சுக்கான் பாறை. மம்முட்டி இறங்காது, கடப்பாரை போட்டு நெம்பினால்தான் கட்டி பெயரும். மேல் மண்ணில் நாளைக்கு வெட்டும் அளவில் பாதிகூட அடி மண்ணில் நகராது. மதிப்பீடு தயாரிக்கும்போது முழு ஆழத்துக்கும் "சாதா மண்" என்று எழுதிவிட்டால், ஆட்கள் முதுகொடிய வேலை செய்தும் கூலி குறையும். வேலை தொடங்கும் முன்பே ஒரு சோதனைக் குழி வெட்டி, எந்த ஆழத்தில் கடின மண் வருகிறது என்று ஓவர்சியரைப் பார்க்க வைத்து, மதிப்பீட்டில் இரண்டு அடுக்காகப் பிரித்து எழுதச் சொல்ல வேண்டும். குளத்து வண்டலில் அளவு எளிதாகத் தேறும். கரட்டடி மேட்டில் அகழி வெட்டினால் தேறாது. ஒரே ஒன்றியத்தில் இரண்டு ஊராட்சிகளின் கூலி வேறுபடுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம், சுறுசுறுப்பு அல்ல.

இன்னொன்று. காலையில் குழுவாரியாகக் கயிறு கட்டிக் குறித்துக் கொடுத்தால் யார் எவ்வளவு செய்தார்கள் என்பது தெரியும். எல்லாரையும் ஒரே வரிசையில் இறக்கிவிட்டு வார முடிவில் மொத்தமாக அளந்தால், நன்றாக வேலை செய்தவரும் குறைகூலி வாங்குவார். அடுத்த வாரம் அவரும் மம்முட்டியை மெதுவாகப் போடுவார். சோம்பேறித்தனம் என்று மேடையில் திட்டப்படுவதில் ஒரு பங்கு இந்த அளவுமுறைக் கோளாறு. வயதானவர்களையும் உடல் நலிந்தவர்களையும் மண் சுமக்க விடாமல் தண்ணீர் கொடுக்க, குழந்தை பார்க்க, கன்றுக்கு நீர் ஊற்ற என்று பிரித்து வைத்தால் மற்ற குழுக்களின் அளவும் கெடாது.

படம் எடுக்கும் செயலி

2023 ஜனவரி 1 முதல், தனிநபர் நிலத்து வேலைகள் நீங்கலாக எல்லாத் தளங்களிலும் என்.எம்.எம்.எஸ். செயலியில் வருகைப்பதிவு கட்டாயம். முற்பகல் ஒரு படம், பிற்பகல் ஒரு படம், இடம் காட்டும் குறியீட்டோடு. நோக்கம் போலிப் பெயர்களை ஒழிப்பது. ஒழிந்ததா? படத்தையே படமெடுத்து ஏற்றுவது, சம்பந்தமில்லாத படத்தை ஏற்றுவது எல்லாம் நடப்பதாக 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. ஏமாற்றுகிறவருக்கு வழி கிடைத்தது. கைப்பேசி சூடாகி அணைந்துபோன தளத்தில் உண்மையாக வேலை செய்தவருக்குத்தான் நாள் போயிற்று.

பர்கூர், கடம்பூர், தாளவாடி, கொல்லிமலைப் பக்கம் அலைவரிசை கிடைக்காத தளங்கள் உண்டு. அங்கே படத்தைக் கைப்பேசியில் சேமித்து, இணைப்புக் கிடைத்ததும் ஏற்றலாம். அதுவும் முடியாத நாளில் மாவட்ட நிர்வாகத்தின் ஒப்புதலோடு கையால் எழுதிய வருகைப்பதிவு செல்லும். ஒப்புதலைக் கேட்டு அன்றே எழுத்தில் அனுப்ப வேண்டும், வாரம் முடிந்தபின் கேட்டால் நடக்காது. தொழிலாளர் செய்ய வேண்டியது ஒன்றே: வேலை அட்டையின் உள்பக்கத்தில் நாளையும் கூலியையும் பணித்தளப் பொறுப்பாளரிடம் வாரந்தோறும் எழுதி வாங்குவது. பெரும்பாலான அட்டைகளில் அந்தப் பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது. அட்டையைப் பொறுப்பாளரே வாங்கி அடுக்கி வைத்துக்கொள்ளும் ஊர்களும் உண்டு, அது தவறு. அட்டை தொழிலாளர் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது

வருகைப் பட்டியல் முடிந்து 15 நாளுக்குள் கூலி வர வேண்டும். தாமதமானால் 16ஆம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. 2,000 ரூபாய்க் கூலி ஒரு மாதம் தாமதமானால் 30 ரூபாய் என்பதுதான் இதன் பொருள். அச்சுறுத்தும் தொகை அல்ல.

2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியில் மட்டுமே பட்டுவாடா. இதில் பலர் அறியாத விஷயம்: வேலை அட்டையில் எந்த வங்கிக் கணக்கு எழுதியிருந்தாலும், கடைசியாக ஆதார் இணைக்கப்பட்ட கணக்குக்கே பணம் போகும். எரிவாயு மானியத்துக்கு ஒன்று, மகளிர் குழுவுக்கு ஒன்று, மகன் படிப்புக் கடனுக்கு ஒன்று என்று மூன்று பாஸ் புத்தகம் வைத்திருக்கும் அம்மிணி, பழைய புத்தகத்தை வரி போட்டுப் பார்த்துவிட்டுப் "பணம் வரலை" என்று வருவார். வந்திருக்கும், வேறு வங்கியில். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கியோடு இணைப்பு இருக்கிறது என்று பார்க்கலாம். இ-சேவை மையத்திலும் பார்த்துச் சொல்வார்கள்.

அடுத்த சிக்கல் பெயர். அட்டையில் "சரசாள்", ஆதாரில் "சரஸ்வதி". அட்டையில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரரின் இனிஷியல். இப்படி இருந்தால் ஆதார் சரிபார்ப்பு நிராகரிக்கப்படும், பெயர் பட்டியலிலிருந்தே நீங்கவும் கூடும். திருத்த வேண்டியது பெரும்பாலும் வேலை அட்டைப் பதிவை, ஆதாரை அல்ல. ஒன்றிய அலுவலகக் கணினி இயக்குநரால் முடிகிற காரியம். ஆதாரைத் திருத்தப் போனால் ரேஷன், ஓய்வூதியம் எல்லாவற்றிலும் பொருத்தம் குலையும்.

இதையெல்லாம் சரிசெய்து வைத்தும் பணம் வராத காலம் ஒன்று இருந்தது. 2024-25 நிதியாண்டின் பின்பகுதியில் ஒன்றிய அரசிடமிருந்து நிதி வராமல் தமிழ்நாடு முழுக்கக் கூலி மாதக்கணக்கில் நின்றது. 4,034 கோடி ரூபாய் நிலுவை என்று சொல்லி 2025 மார்ச்சில் தி.மு.க. ஒன்றியந்தோறும் ஆர்ப்பாட்டம் நடத்தியது. மேடைப் பேச்சும் தொழிலாளரின் பாஸ் புத்தகமும் ஒத்துப்போன நேரம் அது.

தோட்டத்துக்கு ஆள் கிடைக்காதது யாரால்

இனி அந்தப் பெரிய குற்றச்சாட்டு. கொங்குத் தோட்டங்களில் ஆள் பஞ்சம் உண்மை, மறுக்க முடியாது. நூறு நாள் வேலைதான் காரணம் என்பதுதான் நிற்கவில்லை.

தளத்தில் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலோர் பெண்கள், அதிலும் வயது போனவர்கள். இருபதும் முப்பதும் வயதுள்ளவர்களைக் காலை ஏழு மணிக்கே திருப்பூர் பனியன் கம்பெனி வண்டியும், நூல் மில் பேருந்தும் ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறி. நாமக்கல்லில் கோழிப்பண்ணை, லாரித் தொழில். இவற்றில் வேலை ஆண்டு முழுக்க. நூறு நாள் வேலையோ அதிகபட்சம் நூறு நாள். அதை நாளையே மூடினாலும் பனியன் கம்பெனிப் பெண் மஞ்சள் வெட்ட வரப்போவதில்லை. களைவெட்டுக்கும் மஞ்சள் வெட்டுக்கும் காட்டுக்காரர் கொடுப்பது இன்று 336க்குக் குறைவாக இல்லை, அதுவும் கைமேல் காசு. அதை விட்டுவிட்டுப் பதினைந்து நாள் காத்திருக்கும் கூலிக்கு ஒருவர் போகிறாரென்றால், மஞ்சள் வெட்டுக்கு அவர் இடுப்பு தாங்காது என்பதே பெரும்பாலும் காரணம்.

தோட்டக்காரர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது: நேரம். நடவு வாரத்தில் குளத்து வேலையைத் திறந்தால் இருக்கிற நாலு ஆளும் பிரிந்துபோவார்கள். இதற்குத் தீர்வாகத்தான், நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய விபி-ஜி ராம் ஜி என்ற புதிய சட்டத்தில், விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்திவைக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. கொங்கு மேடைகளில் கைத்தட்டல் வாங்கக்கூடிய பிரிவு.

எந்த 60 நாள் என்று கேட்டால் தலை சுற்றும். கீழ்பவானிக் கால்வாயில் ஆகஸ்ட் 15இல் தண்ணீர் விட்டால் 1,03,500 ஏக்கருக்கு நெல். நடவு ஆவணி, புரட்டாசியில், அறுப்பு மார்கழி, தையில். ஜனவரியில் மறுபாதி ஆயக்கட்டுக்குப் புன்செய்த் தண்ணீர், கடலையும் எள்ளும். மஞ்சள் வெட்டு தை தொடங்கிப் பங்குனி வரை. மானாவாரியில் ஆடிப்பட்டத்துக் கடலை ஐப்பசியில் பிடுங்க வேண்டும். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலமாக முறை வைத்துத் தண்ணீர் வருவதால் ஒரு மண்டலத்தின் பரபரப்பு இன்னொன்றில் இல்லை. பொள்ளாச்சித் தென்னைக்கு எல்லா மாதமும் வெட்டு. மாவட்டம் முழுமைக்கும் ஒரே 60 நாள் அறிவித்தால், ஒருவருடைய அறுப்புக்கு உதவி இன்னொருவருடைய ஓய்வு மாதத்தில் கூலிக்காரர் அடுப்பை அணைத்ததாகத்தான் முடியும். சட்டம் பகுதிவாரியாகத் தனித்தனியே அறிவிக்கவும் இடம் தருகிறது. உள்ளூர் அரசியல்வாதி உருப்படியாகச் செய்யக்கூடியது, தன் ஒன்றியத்தின் பயிர் நாட்காட்டியைக் கிராம சபையில் தீர்மானமாகப் போட்டு ஆட்சியருக்கு அனுப்புவது. பழைய சட்டத்திலேயே இதற்கு வழி இருந்தது: அடுத்த ஆண்டுக்கான வேலைத் திட்டத்தை அக்டோபர் 2 கிராம சபையில் வைக்கும்போது எந்த மாதம் எவ்வளவு வேலை என்று ஊரே குறிக்கலாம். எத்தனை ஊராட்சியில் அந்தப் பக்கத்தை வாசித்தார்கள் என்பது வேறு கேள்வி.

"நூறு நாள் ஆளைத் தோட்டத்து வேலைக்கே அனுப்புங்க, பாதிக் கூலி நாங்க தர்றோம்" என்ற யோசனையும் அடிக்கடி வரும். களைவெட்டு, அறுப்பு போன்ற வேலைக்கு அனுப்ப விதியில்லை. ஆனால் சிறு, குறு விவசாயியின் நிலத்தில் என்றைக்கும் இருந்து பயன் தரும் வேலையைச் செய்யலாம்: மண் வரப்பு, பண்ணைக் குட்டை, மாட்டுக் கொட்டகை, ஆட்டுக் கொட்டகை, மண்புழு உரத்தொட்டி, பழமரக் கன்று நடவு. 5 ஏக்கருக்கு உட்பட்ட நிலம், வேலை அட்டை, வீட்டில் ஒருவராவது அந்த வேலையில் இறங்குவது, இவைதான் நிபந்தனை. மேலே 12 மீட்டருக்கு 12 மீட்டர், அடியில் 9க்கு 9, ஆழம் ஒன்றரை மீட்டர் என்று சரிவு விட்டு ஒரு குட்டை வெட்டினால் ஏறக்குறைய 166 கன மீட்டர்; ஒரு முறை நிரம்பினால் 1.66 லட்சம் லிட்டர். கிணறு ஊறும். வெட்டிய மண்ணைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே சரியும். ஒரு மீட்டராவது தள்ளிப் போட வேண்டும். மழைநீர் நுழையும் வாயில் கல் பாவாவிட்டால் இரண்டே மழையில் வண்டல் மூடிவிடும்.

நாலு ஏக்கர்க் காட்டுக்காரர் இதை ஏன் கேட்பதில்லை? வேலை அட்டை எடுப்பது கவுரவக் குறைச்சல் என்ற எண்ணம். கூலிக்காரரோடு சேர்ந்து தன் காட்டிலேயே மண் சுமக்க வேண்டுமே என்ற தயக்கம். இதை மாற்ற மேடை பயன்பட்டிருக்கலாம்.

150, 125, 0

2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. 150 நாள் என்று சொன்னது. நாள் எண்ணிக்கை ஒன்றியச் சட்டத்தில் இருப்பது. மாநிலம் கூட்ட வேண்டுமானால் கூடுதல் 50 நாளுக்கும் தன் கஜானாவிலிருந்து கொடுக்க வேண்டும். அந்த ஐம்பது நாள் வரவில்லை. புதிய சட்டம் 125 நாள் என்கிறது. ஆனால் பழைய சட்டத்தில் கூலி முழுவதும் ஒன்றிய அரசினுடையது. புதியதில் 60க்கு 40 பங்கு. 336 ரூபாயில் 125 நாள் என்றால் குடும்பத்துக்கு 42,000. அதில் 16,800 மாநிலம் போட வேண்டும். மாநிலத்துக்கு இவ்வளவுதான் என்று ஒதுக்கீட்டையும் ஒன்றிய அரசே வரையறுக்கும். தாண்டினால் மாநிலத்தின் பாடு. 125ஐ ஆதரித்துப் பேசுபவரிடம் அந்த 16,800ஐயும், 150 நாள் என்று வாக்குறுதி தருபவரிடம் கூடுதல் நாள்களின் முழுத் தொகையையும் எங்கிருந்து எடுப்பார் என்று கேட்கலாம்.

பூஜ்யம் என்பது நகராட்சியோடு சேர்க்கப்படும் ஊருக்கு. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் ஓரத்து ஊராட்சிகளை நகர அமைப்புகளோடு இணைக்கும் அறிவிப்பு 2025 தொடக்கத்தில் வந்தபோது பெண்கள் வேலை அட்டையோடு மறியலுக்கு வந்ததன் காரணம் இதுதான். "சாக்கடை வரும், தெருவிளக்கு வரும்" என்று இணைப்பை விற்றவர்கள், இணைந்த நாளில் அட்டை செல்லாததாகும் என்பதைச் சொல்லவில்லை. 2021இல் 100 கோடி ரூபாயில் தொடங்கிய நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் சோதனை முயற்சி. அந்த இடத்தை நிரப்பும் அளவுக்கு விரிந்ததில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரி: மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000. தகுதி வரம்பு (ஆண்டு வருமானம் 2.5 லட்சம், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கர், மின்சாரம் 3,600 யூனிட்) கறாரானது, ஆனால் சேர்ந்துவிட்டால் மாதம் தவறாமல் வருகிறது, அளவு, படம், ரசீது எதுவும் வேண்டாம். சேவை என்ற அளவில் அது இதைவிட ஒழுங்கு. குட்டையும் வரப்பும் அதில் மிஞ்சாது.

இப்போது செய்ய வேண்டியது

புதிய சட்டம் வந்துவிட்டது என்று பழைய வேலை அட்டையைத் தூக்கிப் போடக் கூடாது. வேலை செய்த நாள்கள் உள்பக்கத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, விட்டுப்போனவற்றை எழுதி வாங்கி, கைப்பேசியில் படம் எடுத்து வைக்கவும். நிலுவைக் கூலிக்கு அதுதான் சாட்சி. வேலை உறுதித் திட்ட இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று இறங்கி அட்டை எண்ணைத் தொட்டால் எந்த வாரத்துக்கு எவ்வளவு கூலி, எந்த வங்கிக்கு, எந்தத் தேதியில் என்று விவரம் வரும். அங்கே "நிராகரிக்கப்பட்டது" என்று இருந்தால் காரணமும் இருக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் புகாராகக் கொடுத்தால் 7 நாளில் தீர்க்க வேண்டும் என்பது சட்டம். தீரவில்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு, மாவட்டக் குறைதீர்ப்பாளர், முதல்வரின் உதவி மைய எண் 1100 என்று வரிசையாகப் போகலாம்.

கிராம சபைக்குப் போகிறவர்கள் மூன்று தாள் கேளுங்கள்: கடந்த ஆண்டு முடிந்த வேலைகளின் பட்டியல், அவற்றின் அளவுப் புத்தகப் பக்கம், சமூகத் தணிக்கை அறிக்கை. பட்டியலில் இருக்கும் குட்டை காட்டில் இருக்கிறதா என்று அன்று மாலையே நடந்துபோய்ப் பார்த்துவிடலாம்.